காரணம் கேட்காத படகு

போன ஞாயிற்றுக்கிழமை காலை, மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கரை ஒரு கோடாகத் தெரிகிற தொலைவில், ஃபைபர் படகின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு ஒரு பெரிய மனிதர் 'வேணாம்' என்றார். சுற்றியிருந்தவர்களில் ஒருவர்கூட 'ஏன்?' என்று கேட்கவில்லை.

இதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நீங்கள் 'வேண்டாம்' என்று சொல்லி, எதிரில் இருப்பவர் 'சரி' என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தது கடைசியாக எப்போது? இன்னொரு தோசை வேண்டாம் என்றாலே, 'ஏன், நல்லா இல்லையா? உடம்பு சரியில்லையா? வெளியே சாப்பிட்டுட்டு வந்தியா?' என்று விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துவிடும். காபி வேண்டாம் என்றால் சர்க்கரை டெஸ்ட் எடுத்தாச்சா என்பார்கள். ஒரு கல்யாணத்துக்குப் போகாமல் இருக்க வேண்டுமென்றால், நம் வீட்டில் யாராவது ஒருவருக்கு உடனடியாகக் காய்ச்சல் வந்தாக வேண்டும்.

நானும் ஒன்றும் சளைத்தவள் இல்லை. வாராவாரம் இந்தப் பக்கத்தில் நான் செய்வதே 'ஏன்?' கேட்கிற உத்தியோகம்தானே... அதை நம்பித்தான் கபூர் பாய் என்னை உளவு பார்க்க அனுப்பினார்.

கபூர் பாய் எங்கள் தெருக்காரர். செங்கல்பட்டு பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். பைப், குழாய், பெயின்ட், ஆணி என்று எல்லாம் இருக்கும். ஆனால், கேட்ட சாமானை அந்தக் கடையில் அப்படியே வாங்கிக்கொண்டு வந்துவிட முடியாது. 'அரை இன்ச் பைப் கொடுங்க பாய்' என்றால், 'ஏன்?' என்பார். பாத்ரூமுக்கு என்போம். 'ஏன், முக்கால் போட்டா இன்னா?' என்பார். பிறகு மோட்டார் என்ன, டாங்க் எங்கே, குளிப்பவர்கள் எத்தனை பேர் என்று நம் குடும்ப வரலாறே வெளியே வந்துவிடும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் தப்பான சைஸைத்தான் கேட்டுக்கொண்டு வருவோம் என்பதும் உண்மை. எங்கள் வீட்டு மாடி டாங்க் இன்றுவரை ஒழுகாமல் இருப்பது அவருடைய 'ஏன்'களின் புண்ணியம்தான்.

அவருடைய ஒரே மகள் ஷாஹிதா. ஸ்கூபா டைவிங் சொல்லிக்கொடுக்கிறவள். அதாவது முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டி, ஆட்களைக் கடலுக்கு அடியில் கூட்டிப்போய், மீன் காட்டி, போன மாதிரியே பத்திரமாகத் திரும்பக் கூட்டிவருகிற வேலை. அந்தமானில் ஒரு தீவில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, இப்போது மாமல்லபுரம் பக்கம் ஒரு டைவிங் சென்டரில் இருக்கிறாள். அந்த வேலையில் பாய்க்கு ஒரு மனக்குறையும் கிடையாது. பெயின்ட் வாங்க வருகிறவர்களிடம்கூட மகள் சுறா பார்த்த கதையைச் சொல்லாமல் அனுப்பமாட்டார்.

பிரச்சினை, மாப்பிள்ளை. பிரச்சினை என்று சொல்வதே பாவம். ரியாஸ் என்று பெயர். மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் இன்ஜினீயர். சிகரெட் இல்லை. வண்டியை நிதானமாக ஓட்டுகிறார். பெண் பார்க்க வந்த அன்று சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போய் வைத்தார். ஷாஹிதாவிடம், "நீங்க கடல்ல இருங்க, நான் கரைல டீ வாங்கி வெச்சுகினு நிக்கிறேன்" என்றாராம். இதைக் கேட்டதும் நான் என் வீட்டுக்காரரை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட ரியாஸை ஷாஹிதா வேண்டாம் என்றுவிட்டாள்.

"ஏன்மா?"

"தெரியல அத்தா. வேணாம்."

"வேற யாராவது மனசுல கீறாங்களா? சொல்லிடு, நானே போய்ப் பேசறேன்."

"அப்படியெல்லாம் யாரும் இல்ல அத்தா."

"அப்ப ஏன்?"

"வேணாம்னு தோணுது."

கபூர் பாய்க்கு இது புரியவே இல்லை. 'தோணுது' என்பதெல்லாம் ஒரு காரணமா? தோணுது என்று சொல்லி யாராவது முக்கால் இன்ச் பைப் வாங்க முடியுமா? நான் டேப் வாஷர் வாங்கப் போன அன்று, கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து என்னிடம் புலம்பித் தீர்த்துவிட்டார்.

"தங்கச்சி, நான் கட்டாயப்படுத்துற ஆளா? காரணம் ஒண்ணே ஒண்ணு குடுக்கச் சொல்லு. இன்னிக்கே வேணாம்னு சொல்லிடறேன். சும்மா வேணாம்னா அந்த மனுஷங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது? மூணு வாரம் கழிச்சு ஞாயித்துக்கெழம சாயந்தரம் போன் பண்றேன்னு சொல்லிக்கீறாங்க. அதுக்குள்ள காரணம் வரலைன்னா, சரின்னு சொல்லிடுவேன். அவ்வளவுதான்."

"நான் என்ன பாய் பண்ண முடியும்?"

"நீ எழுதுறவ. கேள்வி கேக்கத் தெரிஞ்சவ. ரெண்டு தபா அவகூட போய்ட்டு வா. ஏன் வேணான்றாள்னு கண்டுபிடிச்சுகினு வந்து சொல்லு."

ஒரு பத்தி எழுத்தாளருக்கு இதைவிடப் பெரிய விருது உண்டா? நான் உடனே கிளம்பிவிட்டேன். வேவு பார்ப்பதற்கு வெளிப்படையான காரணம் வேண்டுமே... 'டைவிங் கத்துக்க வந்திருக்கேன்' என்று ஷாஹிதாவிடம் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். டாக்டரிடம் அனுப்பி, காது, நெஞ்சு, பிரஷர் எல்லாம் தேவலை என்று அவர் சொன்ன பிறகுதான் சேர்த்துக்கொண்டாள்.

டைவிங் ஆட்களின் வாழ்க்கை என்றால் நீலக் கடல், டால்பின், கூலிங் கிளாஸ் என்றெல்லாம் நினைத்திருந்தேன். நிஜத்தில் அவர்கள் நாள் முழுக்கச் செய்வது சுமை தூக்குவதும் துணி துவைப்பதும்தான். சூரியன் வருவதற்குள் எழுந்து சிலிண்டர்களைப் படகுக்குத் தூக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம், தண்ணீர் தெளிவா கலங்கலா என்று ஒருவருக்கொருவர் போன் பண்ணி வம்பளக்க வேண்டும். வந்த பிறகு ரப்பர் உடைகள் உட்பட எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசிக் கொடியில் காயப்போட வேண்டும். தலையில்லாத கறுப்பு மனிதர்கள் வரிசையாகத் தொங்குகிற மாதிரி இருக்கும். முதல் நாள் அந்தப் பக்கம் வந்த பால்காரர் பயத்தில் கேனைக் கீழே போட்டுவிட்டாராம்.

அந்தக் கறுப்பு ரப்பர் உடை இருக்கிறதே... அதைப் போடுவது பற்றி மட்டும் நான் ஒரு புத்தகம் எழுதலாம். காலில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நுழைக்க வேண்டும், அப்போதுதான் வழுக்கும். நான் அரை மணி நேரம் போராடி, உள்ளே போய், நிமிர்ந்து, வெற்றிச் சிரிப்பு சிரித்தேன். ஷாஹிதா மெதுவாக, "ஆன்ட்டி, ஜிப் பின்னாடி வரணும்" என்றாள். மறுபடியும் முதலிலிருந்து.

கூச்சம் என்கிற சமாச்சாரமே இவர்களிடம் கிடையாது. கண்ணாடி பனி படியாமல் இருக்க அதற்குள் எச்சில் துப்பித் தேய்க்கிறார்கள். மேலே வந்ததும் மூக்கு ஒழுகினால், 'மூக்குல கீது' என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதில் யாருக்கும் அவமானம் இல்லை. எனக்கு இரண்டே நாளில் பழகிவிட்டது. மூன்றாம் நாள் பேங்கில் ஒரு மேனேஜரிடம் அதே மாதிரி சொல்லிவைத்தேன். அவருக்குப் பழகியிருக்கவில்லை.

நீச்சல் குளத்தில் பழக்கிய பிறகு, முதல் தடவையாகப் படகில் போனோம். ஓட்டுகிறவர் கஜேந்திரன். எல்லோருக்கும் கஜாண்ணன். மீன்பிடிக் குடும்பம், இப்போது இந்த சென்டர் படகை ஓட்டுகிறார். படகில் பிரவீன் என்று ஒரு சாஃப்ட்வேர் ஆள் இருந்தார். பல தடவை கடலில் இறங்கிய அனுபவசாலி. இவர்கள் எப்போதும் ஜோடி ஜோடியாகத்தான் இறங்குவார்கள். பிரவீனுக்கு ஜோடி, இதற்காகவே பெங்களூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த ஒரு பெண்.

அலையை உடைத்துக்கொண்டு படகு போய் நங்கூரம் போட்டாயிற்று. என்னைத் தவிர எல்லோரும் தயார், அன்றைக்கு எனக்கு வேடிக்கை பார்க்கிற வேலை மட்டும்தான். சிலிண்டர், பெல்ட், கண்ணாடி எல்லாம் மாட்டியாயிற்று. பிரவீன் படகின் விளிம்பில் உட்கார்ந்தார். தண்ணீரைப் பார்த்தார். பிறகு, 'பஸ் வரல' என்பது போன்ற சாதாரணக் குரலில் சொன்னார்.

"இன்னிக்கு நான் இல்ல."

"சரி" என்றாள் ஷாஹிதா.

"சர்ரா" என்றார் கஜாண்ணன்.

பெங்களூர் பெண், அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்தவள், 'ஓகே' என்று சொல்லிவிட்டுத் தன் பெல்ட்டைக் கழற்றி, முறுக்கு டப்பாவைத் திறந்தாள். ஜோடியில் ஒருவர் இல்லையென்றால் இன்னொருவரும் இல்லை. பிரவீனுக்கு ஒரு முறுக்கு கொடுத்தாள். அவர் சாப்பிட்டார்.

அவ்வளவுதானா?

என்ன ஆயிற்று? பயமா? வயிறா? வீட்டில் சண்டையா? அடியில் எதையாவது பார்த்துவிட்டாரா? இவர்கள் ஏன் இப்படி மரம் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள்? நான் பக்கத்தில் நகர்ந்து, என் குரலில் இருக்கிற அத்தனை தாய்மையையும் திரட்டி, "ஏன் தம்பி..." என்று ஆரம்பித்தேன்.

"அக்கா" என்றார் கஜாண்ணன். "இன்னா வேணா கேளு. அத மட்டும் கேக்காத."

"இல்ல, ஒரு அக்கறைல..."

"அக்கறையா இருந்தா அவனுக்கு இன்னொரு முறுக்கு குடு."

கரைக்கு வந்து சாமான்களை அலசும்போது ஷாஹிதாவைப் பிடித்துக்கொண்டேன். அதுதான் இவர்களுடைய பெரிய சட்டமாம். யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லலாம். படகில் சொல்லலாம், தண்ணீருக்குள் பாதி வழியில் சொல்லலாம். சொன்னால் அத்தோடு முடிந்தது. காரணம் கேட்கக் கூடாது. அப்போதும் கூடாது, கரையில் டீ குடிக்கும்போதும் கூடாது, அடுத்த வாரம் கேலியாகவும் கூடாது. உலகத்தில் எந்தக் கடலிலும் இதுதான் வழக்கம் என்றாள்.

"கேட்டா என்ன ஆயிடும்?"

ஷாஹிதா கையிலிருந்த ரப்பர் உடையைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "காரணம் சொல்லியாகணும்னா, காரணம் இல்லாதவங்க குதிச்சிடுவாங்க ஆன்ட்டி."

நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது அடிக்கடி நடப்பதில்லை.

பிழிந்த உடையைக் கொடியில் போட்டுவிட்டு அவளே பேசினாள். "அத்தாதானே உங்கள அனுப்பினாரு?"

உளவாளி மாட்டிக்கொண்டாள். நான் தலையாட்டினேன்.

"ரியாஸ் நல்லவரு ஆன்ட்டி. நான் நெனச்சா ஒரு காரணம் சொல்லிடலாம். ரொம்பப் பேசுறாரு, ரொம்பப் பேசல, உயரம், கலர்னு... ஏதாவது. அத்தா உடனே ஒத்துப்பாரு. ஆனா ஒரு நல்ல மனுஷன் மேல எதுக்கு இல்லாதத சொல்லணும்? வேணாம்னு எனக்குத் தெளிவா தெரியுது. ஏன்னு மட்டும் தெரியல. அதுக்கு நான் இன்னா பண்றது?"

நான் பக்கெட்டிலிருந்து இன்னொரு உடையை எடுத்துப் பிழிந்தேன்.

அடுத்த முறை நானும் இறங்கினேன். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். முதுகுப்பக்கமாகச் சாய்ந்து விழ வேண்டும். விழுந்தேன். ஷாஹிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூச்சை இழுத்தேன்... வந்தது. தண்ணீருக்குள் மூச்சு வருகிறது ஐயா. விட்டேன், குமிழ் குமிழாக மேலே போனது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் கண்ணாடிக்குள் தண்ணீர் வரும் என்று சொல்லியிருந்தார்கள். வந்தது. அதற்கும் சிரிப்பு வந்தது.

குழம்பில் மட்டுமே பார்த்துப் பழகிய சங்கரா மீன் ஒன்று என் மூக்குக்கு நேரே வந்து நின்று என்னைப் பார்த்தது. எனக்குக் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது, கண்ணைத் திருப்பிக்கொண்டேன். பாறைமேல் மஞ்சளும் நீலமுமாக ஒரு கூட்டம், பள்ளிக்கூடம் விட்ட மாதிரி ஓடியது. எல்லாவற்றையும் விட அதிசயம் என்னவென்றால், நான் பேசவில்லை. பேச முடியாது. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. மேலே வந்ததும் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பேசிவிட்டேன். கஜாண்ணன் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி என் குரலை அமுக்கப் பார்த்தார். முடியவில்லை.

செங்கல்பட்டுக்குத் திரும்பி, கபூர் பாயிடம் அறிக்கை சமர்ப்பித்தேன். "காரணம் இல்ல பாய். நிஜமாவே இல்ல."

"அதெப்படி இல்லாம போவும்?"

"அங்க அது ஒரு சட்டமாவே இருக்கு பாய்" என்று படகு விஷயத்தை விளக்கினேன். அவர் ஒரு ஆணிப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே கேட்டார். முகத்தில் நம்பிக்கையே இல்லை.

"உன்னியும் மயக்கிட்டாங்க" என்றார். "தண்ணிக்குள்ள அப்படி இன்னாதான் கீதுன்னு நானே போய்ப் பாக்கறேன். பாத்துட்டா காரணம் தானா தெரிஞ்சிடும். கொளவாய் ஏரில குதிச்சு வளந்தவன் தங்கச்சி நான்."

அப்படியாக, போன ஞாயிறு காலை கபூர் பாய் படகில் ஏறினார். அன்று சாயந்திரம்தான் ரியாஸ் வீட்டிலிருந்து போன் வரவேண்டும். அதற்கு முன்னால் டாக்டர் பரிசோதனை, நீச்சல் குளம் எல்லாம் முடித்துவிட்டார். அங்கே சொல்லிக்கொடுத்தவரிடம் அவர் கேட்ட கேள்விகளில் அந்த மனிதர் ஒரு நாள் லீவு போட்டார் என்று கேள்வி. ரப்பர் உடையை முதல் தடவையே ஜிப் பின்னால் வரும்படி போட்டுவிட்டார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

படகில் அவர், ஷாஹிதா, கஜாண்ணன், நான். அன்றைக்கு வேறு யாரும் இல்லை. போகிற வழி முழுக்க பாய் ஏரிக் கதை சொல்லிக்கொண்டு வந்தார். இந்தக் கரையில் குதித்து அந்தக் கரையில் ஏறுவாராம். இன்ஜின் எத்தனை குதிரைச் சக்தி, ஏன் பெரியது போடவில்லை, கயிறு ஏன் நைலான் என்று கஜாண்ணனையும் துளைத்து எடுத்தார். நங்கூரம் போட்டோம்.

ஷாஹிதா முதலில் இறங்கித் தண்ணீரில் மிதந்தபடி காத்திருந்தாள். பாய் சிலிண்டரோடு விளிம்பில் உட்கார்ந்தார். மூச்சுக்குழாயை வாயில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். குனிந்து தண்ணீரைப் பார்த்தார். ஏரியில் தெரியாத ஒரு கறுப்பு, கடலில் தெரியும். அதை நானும் பார்த்திருக்கிறேன்.

"ரெடியா அத்தா?"

அவர் குழாயை வாயிலிருந்து எடுத்தார்.

"வேணாம்மா" என்றார்.

"சரி அத்தா" என்றாள் ஷாஹிதா. ஏணியைப் பிடித்து மேலே ஏறத் தொடங்கினாள்.

"சர்ரா" என்றார் கஜாண்ணன். பாயின் முதுகிலிருந்த சிலிண்டரைத் தாங்கிப் பிடித்து, வாரை அவிழ்த்துவிட்டார்.

பாய் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எங்கேயாவது ஒரு சிரிப்பு ஒளிந்திருக்கிறதா என்று தேடினார். எனக்கு வாழ்க்கையிலேயே முகத்தைச் சும்மா வைத்திருப்பது அவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை. சிரிப்பினால் இல்லை. அவரைப் பார்க்கப் பாவமாகவும், ஏனோ ரொம்பப் பிரியமாகவும் இருந்தது.

"பயமெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றார்.

"சரி அத்தா."

"காலைல நாஸ்தாவுக்கு வடகறி கொஞ்சம் ஜாஸ்தி ஆயிடுச்சு. அதான்..."

"பாய்" என்றார் கஜாண்ணன். "வேணான்னா வேணாம். வடகறிலாம் நடுவுல இட்டாராத. டீ குடி."

பாய் டீயை வாங்கிக்கொண்டார். விடவில்லை. "இல்லப்பா, முட்டி வேற..." என்றார். யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. பாவம், வாழ்நாள் முழுக்க எல்லோரிடமும் காரணம் கேட்டு வாங்கியவர், கை நிறையக் காரணங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எடுத்துக்கொள்ள ஆளில்லை. ஷாஹிதா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் டீயில் பிஸ்கட்டைத் தோய்த்து அவரிடம் நீட்டினாள். அவர் தின்றார். அதற்குப் பிறகு காரணம் எதுவும் சொல்லவில்லை.

கரை பெரிதாகத் தெரியத் தொடங்கிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஏம்பா கஜா, இப்ப ஒருத்தன் சும்மானாச்சிக்கும் வேணாம்னு சொன்னா?"

"சும்மா சொன்னாலும் அதேதான் பாய்."

"டீசல் வேஸ்ட் ஆவுதே?"

"ஆவட்டும். ஆளு வேஸ்ட் ஆவலல்ல."

பாய் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அலை வந்தது, எல்லோரும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம், படகு மணலில் ஏறியது.

அன்று சாயந்திரம் எனக்கு அவசரமாக ஒரு டேப் வாஷர் தேவைப்பட்டது. எங்கள் வீட்டில் எந்தக் குழாயும் ஒழுகவில்லை என்று என் வீட்டுக்காரர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. ஞாயிறு என்றாலும் பாய் கடையைப் பாதி திறந்து வைத்திருந்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து வாஷர்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஷாஹிதா வந்தாள். தலை இன்னும் ஈரமாக இருந்தது. கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

"போன் வரப்போவுது" என்றார் பாய்.

"தெரியும் அத்தா."

"சொல்லு. ரியாஸ்?"

அவள் அவரை நேராகப் பார்த்தாள். "வேணாம் அத்தா."

பாயின் வாய் திறந்தது. அந்த வாய்க்கு அது ஆயுள் பழக்கம், தானாகவே 'ஏ' என்று விரிந்தது. நான் வாஷரைக் கையில் பிடித்தபடி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன், தண்ணீருக்குள் அதைச் செய்யவே கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த விரிந்த வாய் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மூடிக்கொண்டது.

"சரிம்மா" என்றார்.

ஷாஹிதா கல்லாமேல் இருந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாஷர் டப்பாவில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

போன் அடித்தது. பாய் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், அதனால் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. ரியாஸின் அத்தா. ஸலாம், பதில் ஸலாம், உடம்பு எப்படி, வியாபாரம் எப்படி எல்லாம் ஆயிற்று.

"அப்புறம் பாய்... பொண்ணு இன்னா சொல்லுது?"

"மன்னிச்சுக்கணும் பாய். வேணாம்னுது."

"அப்படியா? பையன்கிட்ட எதுனா குறையா பாய்? சொன்னா திருத்திக்குவான்."

"ஒரு குறையும் இல்லீங்க. தங்கமான புள்ள. எனக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சு."

"அப்ப ஏன் வேணாம்னுது?"

கபூர் பாய் மகளைப் பார்த்தார். அப்புறம் போனைப் பார்த்தார். அப்புறம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அத எங்க வூட்ல கேக்கறதில்லீங்க."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நான்கூட எட்டிப் பார்த்தேன்.

"அப்படியா பாய்... எப்பலேர்ந்து?"

"இன்னிக்குக் காலைலேர்ந்து" என்றார் கபூர் பாய்.

அது சரி, அவள் ஏன்தான் வேண்டாம் என்றாளாம் என்று கேட்டு யாரும் எனக்கு எழுதிவிடாதீர்கள்... எனக்கே தாங்கவில்லை.